அணியைக் கழற்றிப் பார்த்தால்

'அணி' என்னும் தமிழ்ச் சொல் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பன போலத் தோன்றும் பொருள்களைத் தன்னுள் அடக்கியது. நகைக்கு அணி என்று பெயர். செய்யுளின் அழகுக்கும் அணி என்று பெயர். படை வகுத்து நிற்கும் வரிசைக்கும் அணி என்றே பெயர். அழகு செய்வதையும் வரிசைப்படுத்துவதையும் ஒரே சொல் சுட்டுவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும், மனிதர் பூணும் அழகு பல வேளைகளில் அவர் நிற்கும் வரிசையை ஊருக்கு அறிவிக்கவே பூணப்படுகிறது என்பதை எவரும் மறுக்க இயலாது.

அழகுக்கும் வரிசைக்கும் உள்ள இந்த உறவை ஆராய, சற்றே எதிர்பாராத ஓரிடத்துக்கு வாசகரை அழைக்கிறேன். இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவான ஆடம்பரக் கார்களின் பக்கவாட்டில் ஓடிய மின்னும் உலோகப் பட்டைகளே இக்கட்டுரையின் பொருள். காடிலாக், பியூக், பேக்கார்டு, லிங்கன் என்னும் கார்களைப் பழைய ஆங்கிலத் திரைப்படங்களில் நம்மில் பலர் கண்டிருப்போம். முன்விளக்கின் அருகே தொடங்கி, கதவுகளைக் கடந்து, ஓரிடத்தில் அலைபோல் வளைந்து, ஓரிடத்தில் ஈட்டிபோல் கூர்ந்து, பின்விளக்கு வரை செல்லும் வெள்ளிக் கோடுகள் அவை. நாவலையும் ஓவியத்தையும் திறனாய்வது போல, மக்கள் தெருவில் நின்று பார்த்து ஏங்கிய ஒரு வடிவத்தையும் திறனாய்தல் தகும். ஏனெனில் ஒரு சமுதாயம் எதைக் கண்டு ஏங்கியது என்பதை அறிந்தால், அது எதை நம்பியது என்பதையும் அறியலாம்.

பட்டையின் பிறப்பு

இந்தப் பட்டை வீணாகப் பிறந்ததன்று. குதிரை வண்டி செய்த தச்சரும் வண்ணக்காரரும் வண்டியின் உடலோரம் தூரிகையால் மெல்லிய கோடு ஒன்றை இழுத்தனர். நீண்ட பலகையின் வெறுமையை அக்கோடு பிரித்துக் காட்டியது. வண்டியின் வடிவைக் கண்ணுக்கு எடுத்துரைத்தது. குதிரை வண்டியின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்தபோது அக்கோடும் உடன் வந்தது. மரம் போய்த் தகடு வந்தபின் கோடும் உலோகமாயிற்று. இரு தகடுகள் கூடும் விளிம்பை மறைக்கவும், இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தைச் சீராக்கவும், அருகில் நிற்கும் வண்டியின் கதவு இடித்துத் தகடு நசுங்காமல் காக்கவும் அது பயன்பட்டது. ஆகவே அணி பொய் என்று எடுத்த எடுப்பில் தீர்ப்புக் கூறுவது அவசரமாகும்.

அதன் செய்முறையையும் சிறிது அறிந்துகொள்வோம். பக்கவாட்டுப் பட்டைகளில் பெரும்பாலானவை நாம் வீட்டில் எவர்சில்வர் என்றழைக்கும் உலோகத்தால் ஆனவை. மெல்லிய தகட்டை உருளைகளுக்கிடையே செலுத்தி, விளிம்புகளை உள்நோக்கி மடித்து, மெருகேற்றுவர். கனமான முனைகளையும் சின்னங்களையும் துத்தநாகக் கலவையில் வார்த்து, அவற்றின்மேல் செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம் பூசுவர். குரோமியத்தின் பளபளப்பு என்று நாம் வியப்பது பெரும்பாலும் அதற்குக் கீழே மறைந்திருக்கும் நிக்கலின் ஒளியே ஆகும். மேலே இருக்கும் குரோமியம் மயிரிழையைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லிய காவல். இவ்வாறு செய்த பட்டையைப் பொருத்துவதற்காகக் காரின் தகட்டில் வரிசையாகத் துளையிட்டு, அத்துளைகளில் கிளிப்புகளைச் செருகுவர். இந்தத் துளைகளை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். அவற்றிடம் மீண்டும் வருவோம்.

பட்டைகளின் வரலாற்றில் ஒரு குறுகிய இடைவேளை உண்டு. 1942-இன் தொடக்கத்தில், போருக்கு வேண்டிய உலோகங்களைச் சேமிக்கும் பொருட்டு, புதிய கார்களில் மின்னும் அணிகளைப் பொருத்தலாகாது என்று அமெரிக்க அரசு தடை விதித்தது. மோதல்தாங்கி போன்ற சில உறுப்புகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. நிறுவனங்கள் பட்டைகளின் மேல் வண்ணம் பூசி அவற்றின் ஒளியை அவித்துக் கார்களை வெளியிட்டன. சில வாரங்களில், அதாவது பிப்ரவரியில், பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. ஒளியிழந்த அந்தக் கார்கள் ஓடாமற் போகவில்லை, வடிவம் குலையவுமில்லை. அணி அவிந்த பின்னும் பொருள் நின்றது. அணியை மதிப்பிட இதைவிட எளிய அளவுகோல் இல்லை என்பது என் கருத்து. எந்த அணியையும் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றியபின் என்ன நிற்கிறது என்று கேட்க வேண்டும். போருக்குப் பின் வந்த ஆண்டுகளை இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே காண்போம்.

ஏணியின் படிகள்

1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் கார்களை ஓர் ஏணியாக அடுக்கினார். அடிப்படியில் செவ்ரோலே; அதற்கு மேல் போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக்; உச்சியில் காடிலாக். ஒருவரின் வருவாய் உயர உயர அவர் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் என்பது திட்டம். 1927-இல் அதே நிறுவனத்தில் 'கலையும் வண்ணமும்' என்ற பெயரில் ஒரு பிரிவு தொடங்கியது. அதன் தலைவராக ஹார்லி எர்ல் அமர்ந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் திரைப்பட நடிகர்களுக்குக் கார்க்கூடு கட்டித்தந்த தொழிலகத்திலிருந்து வந்தவர் அவர். கண்ணைக் கவர்வது எப்படி என்பதைத் திரையுலகின் வாசலிலேயே பயின்றவர்.

ஏணியில் ஒரு சிக்கல் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக அந்நிறுவனம் ஒரே அடிப்படை உடலைப் பல பெயர்களுக்குப் பகிர்ந்தளித்தது. பெரிய பியூக் காரும் காடிலாக் காரும் கூரை, கண்ணாடி, கதவுச் சட்டம் ஆகியவற்றின் அடிப்படையில் உறவினர்களாகவே இருந்தன. உறவினர் இருவரில் ஒருவர் செல்வர், மற்றவர் அவரினும் ஒருபடி கீழானவர் என்று எப்படிக் காட்டுவது? முன்முகமும் பக்கவாட்டுமே அதற்குரிய இடங்களாயின. அவற்றுள்ளும் பக்கவாட்டே தெருவில் நிற்போரைக் கடந்து செல்லும் நீண்ட பலகை. அதில் எழுதப்பட்ட எழுத்தே பட்டை.

வேறொரு காரணமும் இருந்தது. காரின் உடலை அழுத்தி எடுக்கும் இரும்பு அச்சுகள் மிகுந்த செலவுடையவை. ஆண்டுதோறும் அவற்றை மாற்ற இயலாது. ஆனால் வாங்கியவர் அடுத்த ஆண்டே தம் காரைப் பழையதாகக் கருதினால்தான் புதியது விற்கும். உடலை இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே வைத்து, பட்டையின் வளைவை மட்டும் ஆண்டுதோறும் மாற்றுவது மலிவான வழி. இவ்வாறு, சென்ற ஆண்டின் கோட்டை இந்த ஆண்டின் கோடு நாணச் செய்தது. ஒருவரின் உள்ளத்தில் மனக்குறையை விதைப்பதற்குச் சில அடி நீள எவர்சில்வர் போதுமானதாயிற்று.

இவ்வணிகளுள் திறனாய்வாளரின் தனிக் கவனத்துக்கு உரியது 1949-இல் பியூக் காரின் முன்பக்கத் தகட்டில் தோன்றிய வட்டத் துளைகளின் வரிசை. நெட் நிக்கல்ஸ் என்னும் வடிவமைப்பாளர் தம் சொந்தக் காரில் இத்தகைய துளைகளை அமைத்து, அவற்றினுள் எஞ்சினின் பொறியோடு ஒத்து மின்னும் விளக்குகளை வைத்திருந்தார். போர் விமானத்தின் எஞ்சின் தீ கக்குவதைப் போன்ற தோற்றம் அது. விற்பனைக்கு வந்த கார்களில் விளக்குகள் இல்லை; துளைகள் மட்டும் வந்தன. தொடக்கத்தில் அவை எஞ்சின் அறையின் வெப்பத்தை ஓரளவு வெளியேற்றின. விரைவில் அவற்றின் உட்புறம் அடைக்கப்பட்டு, அவை வெறும் அணியாயின. பியூக் வரிசையில் உயர்ந்ததான ரோட்மாஸ்டர் காருக்குப் பக்கத்துக்கு 4 துளைகள். அதற்கு அடுத்த சூப்பர் காருக்கு 3. காற்று புகாத துளையின் எண்ணிக்கையைக் கொண்டு அண்டை வீட்டாரின் வருவாயை அளக்கலாம் என்றாயிற்று. அணி என்னும் சொல்லின் இருபொருளும் ஒன்றாய் நின்ற இடம் இது.

இத்துளை பொய்யா? நம் அணியிலக்கணத்தில் தற்குறிப்பேற்றம் என்று ஒன்றுண்டு. இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவது அது. கோட்டைக் கொடி காற்றில் அசைவதை 'வாராதே' என்று கைகாட்டுவதாகப் புலவர் பாடும்போது, கொடிக்குக் கையில்லை என்பதைப் புலவரும் அறிவார்; கேட்போரும் அறிவர். இருவரும் அறிந்து மகிழும் விளையாட்டு அது. அங்கே வஞ்சனை இல்லை. பியூக் காரின் துளையையும் இவ்வாறே கொள்ளலாம். கார் விமானமன்று என்பதை வாங்கியவர் அறிவார். தோற்றத்தைப் பொறுத்தவரை அத்துளையை நான் மன்னித்துவிடுவேன். அதில் ஒரு சிறுவனின் மகிழ்ச்சி இருக்கிறது. மன்னிக்கத் தயங்குவது அதன் எண்ணிக்கையைத்தான். நான்கு துளையுடையவர் மூன்று துளையுடையவரைக் காட்டிலும் மேலானவர் என்று அந்த எண்ணிக்கை சொல்லும்போது, அதை விளையாட்டாக எவரும் கேட்கவில்லை. மெய்யென்றே கேட்டனர்.

உயர்வு நவிற்சி

இலக்கியத்தில் உயர்வு நவிற்சி அளவோடு நின்றால் சுவை தரும். அளவு மீறினால் நகைப்பாகும். அமெரிக்கக் காரின் பக்கவாட்டு அந்த எல்லையை 1958-ஆம் மாதிரியில் கடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 50-ஆம் ஆண்டைக் கொண்டாடிய வேளை அது. அவ்வாண்டின் பியூக் லிமிடெட் காரைப் பாருங்கள். முன்பக்கத்தில் 160 சிறு சதுரங்கள் ஒளிவிடும். பக்கவாட்டில் நீண்ட பட்டை வளைந்தோடும். அது போதாதென்று பின்பகுதியில் சாய்ந்த மின்கோடுகள் வரிசை வரிசையாக நிற்கும். அதே ஆண்டின் காடிலாக் ஸிக்ஸ்டி ஸ்பெஷல் காரிலோ பின்பக்கத்தின் கீழ்ப்பகுதியையே வரிவரியான உலோகத் தகடு மூடியது. கண் எங்கே தொடங்குவது, எங்கே ஓய்வது என்று அறியாமல் அலைகிறது. ஒவ்வோர் அணியும் மற்றோர் அணியோடு பேச்சில் போட்டியிடுகிறது. இறுதியில் ஒன்றும் காதில் விழுவதில்லை.

விலையையும் குறிப்பிடுவது முறை. 1957-இல் வந்த காடிலாக் எல்டொராடோ புரோம் காரின் விலை 13,074 டாலர். அதன் கூரையே மெருகிட்ட எவர்சில்வர். அக்காலத்தில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் நடுத்தர ஆண்டு வருவாய் ஏறத்தாழ 5,000 டாலர்தான்.

இந்த மிகையை அமெரிக்கர்களே கண்டித்தனர் என்பதை நாம் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஸ்டூடிபேக்கர் கார்களின் வடிவமைப்போடு தொடர்புடைய ரேமண்ட் லோவி, 1955-இலேயே தம் நாட்டுக் கார்களைக் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகளுக்குச் சக்கரம் பூட்டியதற்கு ஒப்பிட்டுச் சாடினார். 1958-இல் ஜான் கீட்ஸ் என்பவர் இச்செருக்கைக் கேலி செய்து ஒரு நூலே எழுதினார். வான்ஸ் பேக்கார்டு என்னும் எழுத்தாளர் விளம்பரமும் தகுதி வேட்கையும் மக்களை ஆட்டிப்படைப்பதை 1957-க்கும் 1960-க்கும் இடையில் மூன்று நூல்களில் ஆராய்ந்தார். அவ்வேளையில் நாட்டில் பொருளாதாரத் தேக்கமும் வந்தது. ஆடம்பரக் கார்களின் விற்பனை சரிந்தது. ஹார்லி எர்ல் 1958-இன் இறுதியில் ஓய்வு பெற்றார். 1959-ஆம் மாதிரிக் காடிலாக் தன் உயரமான வால்சிறகுகளுக்காகவே இன்றுவரை நினைக்கப்படுகிறது. ஆனால் அக்காரின் சாதாரண மாதிரிகளில் பக்கவாட்டு முந்தைய ஆண்டைவிட அமைதியாயிருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காண்பர். சிறகு கூச்சலிட்டபோதே பட்டை அடங்கத் தொடங்கிவிட்டது.

பட்டைக்குப் பின்னால்

முன்பு குறிப்பிட்ட துளைகளிடம் இப்போது திரும்புவோம். பழைய கார்களைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் தொழிலாளர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. பட்டையைப் பொருத்துவதற்காகத் தகட்டில் இட்ட துளையின் விளிம்பில் வண்ணம் முழுமையாகப் பற்றுவதில்லை. மழைநீரும் சாலைச் சேறும் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே புகுந்து தங்குகின்றன. வெயில் அங்கே எட்டுவதில்லை. பட்டையோ எவர்சில்வர், அது துருப்பிடிப்பதில்லை. அதன் மறைவில் தகடு அரிக்கப்படுகிறது. வெளியே பட்டை மின்னிக்கொண்டேயிருக்கும். ஒருநாள் அதைக் கழற்றினால், பின்னால் கையை நுழைக்கலாம் என்னும் அளவுக்கு ஓட்டை இருக்கும்.

வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் உரைத்ததை நற்செய்தியில் பலமுறை கேட்டிருக்கிறோம். அங்கே பூச்சு அழுக்கை மறைத்தது. இங்கே நிலைமை அதனினும் ஒருபடி கொடியது. அணி சீர்கேட்டை மறைத்ததோடு நிற்கவில்லை. அணியைப் பொருத்த இட்ட துளையே சீர்கேட்டின் வாயிலாயிற்று. எத்தனை பட்டையோ, அத்தனை வரிசைத் துளைகள்.

ஒரு தனிக் காருக்கு நேர்ந்தது ஒரு நிறுவனத்துக்கும் நேர்ந்தது. 1899-இல் தொடங்கிய பேக்கார்டு, உலகப் போருக்கு முன் அமெரிக்காவின் மிக மதிப்புடைய ஆடம்பரக் கார்களுள் ஒன்று. அதன் பெருமை எஞ்சினிலும் நுணுக்கமான வேலைப்பாட்டிலும் இருந்தது. 1954-இல் அது ஸ்டூடிபேக்கர் நிறுவனத்தோடு இணைந்தது. 1956-இல் டெட்ராய்டில் பேக்கார்டு உற்பத்தி நின்றது. ஆயினும் 1957-இல் பேக்கார்டு என்ற பெயரில் கார்கள் வந்தன. இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில், ஸ்டூடிபேக்கர் காரின் உடலின்மேல் பேக்கார்டின் பக்கப்பட்டையும் பின்விளக்கும் சின்னமும் பொருத்தப்பட்டு அவை வெளிவந்தன. வாங்குவோர் ஏமாறவில்லை. அவ்வாண்டு விற்றவை 5,000-ஐ எட்டவில்லை. 1958-இல் அப்பெயரே மறைந்தது.

1942-இன் ஒளியவிந்த கார்களையும் 1957-இன் பேக்கார்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். முன்னதில் அணி போயிற்று; கார் நின்றது. பின்னதில் அணி மட்டும் நின்றது, கார் போயிற்று. அதன் பட்டையைக் கழற்றினால் அடியில் வேறொருவரின் கார் இருக்கும். இந்த வேறுபாடு உலோகத்தின் தரத்தில் இல்லை. இரண்டும் நல்ல உலோகமே.

தன்மையணி

அப்படியானால் அணியே வேண்டாம் என்று துறந்துவிடுவதுதான் வழியா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடோல்ஃப் லூஸ் என்னும் கட்டடக் கலைஞர் அணி செய்தலைக் குற்றத்தோடு சேர்த்தே பேசினார். அவ்வளவு தூரம் செல்ல நான் ஒருப்படேன். காரணம், எளிமையும் செருக்காகக் கூடும். ஃபோர்டு நிறுவனம் 1956, 1957 மாதிரிகளாக வெளியிட்ட கான்டினென்டல் மார்க் 2 என்னும் காரின் பக்கவாட்டில் அணி ஏறத்தாழ இல்லை. அதன் வடிவம் அழகியது, அதில் ஐயமில்லை. விலையோ 10,000 டாலர் அளவில் இருந்தது. 'எனக்குப் பட்டை தேவையில்லை' என்று அக்கார் சொன்னபோது, பட்டை தேவைப்படும் மற்றவரைவிடத் தான் உயர்ந்தது என்றும் சேர்த்தே சொன்னது. கழற்றி எறிந்ததையே ஓர் அணியாகப் பூண்பதும் மனித இயல்புதான். நோன்பிருப்போர் முகவாட்டம் காட்டித் திரிய வேண்டாம் என்ற நற்செய்தியின் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

இவ்விரு முனைகளுக்கும் நடுவே நின்றது 1961-இன் லிங்கன் கான்டினென்டல். 1958 முதல் 1960 வரை வந்த லிங்கன் கார்கள் மிகப் பெரியவை. நிறுவனத்துக்குப் பெரும் இழப்பைத் தந்தவை. லிங்கன் என்னும் பெயரையே கைவிடலாமா என்று ஃபோர்டில் எண்ணிய காலம் அது. எல்வுட் எங்கெல் என்னும் வடிவமைப்பாளர் வேறொரு காருக்காகச் செய்திருந்த மாதிரி ராபர்ட் மெக்னமாராவின் கண்ணில் பட, அதையே நான்கு கதவுடைய லிங்கனாக ஆக்கினர். முந்தைய காரைவிட அது ஏறத்தாழ 15 அங்குலம் குறுகியது. பக்கங்கள் ஒரே வீச்சில் அமைந்த வெற்றுத் தளங்கள். துளை இல்லை, ஈட்டி இல்லை, காற்று புகாத காற்றுவழி இல்லை. மேல் விளிம்பில் முன்னிருந்து பின்வரை ஓடும் மெல்லிய ஒளிக்கோடு ஒன்றே அதன் தலையாய பக்க அணி.

அந்தக் கோடு என்ன செய்கிறது? தகட்டின் மேற்பரப்பு முடிந்து பக்கப்பரப்பு தொடங்கும் விளிம்பில் அது படிகிறது. கார் எவ்வளவு நீளம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. விமானம் என்று சொல்லவில்லை. நிலத்தில் ஓடும் ஊர்தி என்று சொல்கிறது. நம் தண்டியலங்காரம் பொருளணிகளை வகுக்கும்போது உவமைக்கும் உருவகத்துக்கும் முன்னதாக வைப்பது தன்மையணியை. உள்ளதை உள்ளவாறு, உள்ளம் கொள்ளுமாறு கூறுவதும் அணியே. அதுவே அணிகளுள் முதலாவது என்பது நம் இலக்கண மரபு கண்ட தெளிவு. 1961 லிங்கனின் ஒற்றைக் கோடு தகட்டில் எழுதிய தன்மையணி. குதிரை வண்டிக்கு வண்ணக்காரர் இழுத்த கோட்டுக்கு அது நேர் வாரிசு. அந்தக் கோட்டைக் கழற்றினாலும் கார் குலையாது. கோடு இருக்கும்போது கார் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நல்ல அணிக்கு இலக்கணம் இதுவென்பேன். அவ்வாண்டே அக்கார் அமெரிக்கத் தொழில் வடிவமைப்பாளர் அமைப்பொன்றின் விருதையும் பெற்றது.

குறை சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. அந்த லிங்கனும் செல்வரின் காரே. 1961-இல் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஜான் கென்னடியின் அரசுக் காரும் அவ்வகையே. 1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டது அக்காரில் இருந்தபோதுதான். இன்று அது டியர்பார்ன் நகரின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அழகிய வடிவம் எவரையும் காப்பதில்லை. அணியிடமிருந்து நாம் எதை எதிர்பார்க்கலாகாது என்பதையும் அக்கார் ஊமையாய்க் கற்பிக்கிறது.

மகுடமும் காரும்

அணியைப் பற்றிய இவ்வழக்கு திருச்சபைக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சில் தூய டெனிஸ் மடத்தின் தலைவர் சூஜே, பொன்னும் மணியும் வண்ணக் கண்ணாடியும் உள்ளத்தை இறைவனிடம் உயர்த்தும் என்று நம்பித் தம் கோவிலை ஒளிமயமாக்கினார். அதே காலத்தில் வாழ்ந்த கிளேர்வோ பெர்னார்டோ, ஏழைகள் ஆடையின்றி நிற்கையில் கோவில் சுவர்களுக்குப் பொன்போர்வை ஏன் என்று கேட்டார். இருவரையும் திருச்சபை தன் நினைவில் வைத்திருக்கிறது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு, வெறும் பகட்டைவிட மேன்மையான அழகையே நாடவேண்டும் என ஆயர்களுக்கு அறிவுறுத்தியது. அழகு வேண்டாம் என்று அது சொல்லவில்லை என்பது கருதத்தக்கது.

அறிவுரையைச் செயலாகக் கண்டது அடுத்த ஆண்டு. 1964 நவம்பர் 13 அன்று புனித பேதுரு பேராலயத்தில், சங்கத்தந்தையர் பார்த்திருக்க, திருத்தந்தை ஆறாம் பவுல் தம் மும்முடியை எடுத்துப் பீடத்தின்மேல் வைத்தார். அவர் முன்பு பேராயராயிருந்த மிலான் நகர மக்கள் அன்போடு அளித்த மகுடம் அது. உலகின் ஏழைகளுக்காக அதை அவர் விட்டுக்கொடுத்தார். இன்று அது வாஷிங்டனில் உள்ள அமலோற்பவ அன்னை தேசியத் திருத்தலத்தில் இருக்கிறது. மகுடத்தைக் கழற்றியபின் திருத்தந்தையாக அவர் குறைந்துவிடவில்லை. அவருக்குப் பின்வந்த எத்தனையோ நினைவுகளுள் அச்செயல் ஒளிகுன்றாமல் நிற்கிறது.

மகுடம் அமெரிக்காவுக்குப் போயிற்று. அமெரிக்காவிலிருந்து ஒரு கார் இந்தியாவுக்கு வந்தது. மும்முடியைக் கழற்றிய மூன்று வாரத்துக்குள், 1964 டிசம்பர் தொடக்கத்தில், பம்பாயில் நடந்த 38-ஆவது அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்குத் திருத்தந்தை வந்தார். இந்திய மண்ணில் காலடி வைத்த முதல் திருத்தந்தை அவரே. அவர் பயன்படுத்துவதற்கென அமெரிக்காவிலிருந்து அன்பளிப்பாக வந்திருந்தது வெண்ணிற லிங்கன் கான்டினென்டல். விடைபெறும்போது அக்காரை அவர் அன்னை தெரேசாவிடம் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் ஏறிப் பவனி வரவில்லை. பரிசுச் சீட்டு நடத்தி அதைப் பணமாக்கினார். மேற்கு வங்கத்தில் ஆசன்சோல் அருகே தொழுநோயாளருக்கென எழுந்த சாந்தி நகருக்கு அப்பணம் உதவியது. கொடுத்தவர் 2018-இலும் பெற்றவர் 2016-இலும் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர்.

வடிவமைப்பாளர் தேவையற்ற பட்டைகளைக் கழற்றிய கார் அது. திருத்தந்தை அக்காரையே தம்மிடமிருந்து கழற்றினார். அன்னையோ அதன் கார்த்தன்மையையும் கழற்றி, சுவராகவும் கூரையாகவும் மாற்றினார். மூன்று முறை கழற்றியபின்னும் ஏதோ நின்றது. விரல்கள் மழுங்கிய ஒருவர் தமக்கென்று ஒரு வாசல் திறந்து உள்ளே செல்லும் வீடு நின்றது.

நம் வீட்டு முகப்பும், பிள்ளைகளின் திருமணப் பந்தலும், ஊர்த் திருவிழாவின் ஒளிவிளக்குகளும் அணியின்றி இருக்க வேண்டும் என்று நான் வேண்டவில்லை. மகிழ்ச்சி தனக்குரிய ஆடையைத் தேடும். வயல்வெளி மலர்களை உடுத்தும் இறைவன் அதை வெறுப்பவரல்லர். நாம் கேட்க வேண்டியது சிறிய கேள்விதான். இந்தப் பட்டை எந்த விளிம்பைத் தெளிவாக்குகிறது? இதைப் பொருத்துவதற்காக எங்கே துளையிட்டோம்? கடனிலா, பிள்ளையின் படிப்பிலா, உடன்பிறந்தவரோடு இருந்த உறவிலா? அந்தத் துளைக்குள் இப்போது ஈரம் தங்கியிருக்கிறதா? விடை காண ஒரே வழி, எப்போதாவது ஒருமுறை நம் கையாலேயே அணியைக் கழற்றிப் பார்ப்பதுதான். தகடு நலமாயிருந்தால் மீண்டும் மகிழ்ச்சியோடு பூட்டிக்கொள்ளலாம். அரித்திருந்தால், பட்டையை மெருகேற்றுவதை நிறுத்திவிட்டுத் தகட்டைச் செப்பனிடத் தொடங்கலாம்.